‘பைப்பை வெந்நீரில் போட்டு ஸ்பிளின்ட் செய்தோம், அதுதான் திருப்தி’ என்கிறவர்களுக்கு

நித்யமல்லி (செவ்வாய், இரவு 9.40)
போன வாரம் இங்கே ‘அரசு வேலையா, தனியாரா’ என்று ஒரு இழை ஓடியது. அதில் கைப்பழக்கம் சார் எழுதியதை அப்படியே எடுத்துப் போடுகிறேன்:

“அரசு மருத்துவமனையில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக, அதாவது நோயாளிக்கு அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்குகிறவனாக, முப்பது வருஷம் இருந்தேன். கையை நிமிர்த்தித் தாங்குகிற ஸ்பிளின்ட் செய்ய பிளாஸ்டிக் ஷீட் கிடையாது. ஹார்டுவேர் கடையில் பிவிசி பைப் வாங்கி, வெந்நீரில் போட்டு வளைத்து நோயாளி கையில் மாட்டிவிட்டோம். அந்தத் திருப்தி எந்தச் சம்பளத்திலும் வராது. இப்போது வருகிற பிள்ளைகளுக்கு எதிலும் திருப்தி இல்லை.”

இதற்கு 64 லைக். லைக் போட்டவர்களில் பாதிப் பேர் படிப்பை முடித்ததும் மெடிக்கல் கோடிங் என்ற கம்ப்யூட்டர் வேலைக்கு ஓடியவர்கள் என்பது எனக்குத் தெரியும்.

நான் ஒரு மாவட்டத்தில், வளர்ச்சியில் தாமதம் உள்ள சின்னப் பிள்ளைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் வேலை பார்க்கிறேன். ஒப்பந்தம். 11 மாதம் முடிந்தால் ஒரு நாள் இடைவெளி, மறுபடியும் 11 மாதம். இது ஆறாவது. காலையில் கதவைத் திறக்கும்போதே இடுப்பில் பிள்ளையோடு பத்துப் பதினைந்து அம்மாக்கள் நிற்பார்கள். பாதிப் பேர் இரண்டு பஸ் மாறி வந்தவர்கள். ஒரு பிள்ளைக்கு முக்கால் மணி நேரம் தர வேண்டிய இடத்தில் கால் மணி நேரம் தருகிறேன். தெரபி ஊஞ்சலின் கொக்கி அறுந்து நாலு மாதம் ஆயிற்று. மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன். கடைசியில் என் காசில் வாங்கி நானே ஸ்டூல் போட்டு ஏறி மாட்டினேன். மாட்டியபோது திருப்தி வரவில்லை சார், கோபம்தான் வந்தது.

இன்னொரு சின்ன விஷயம். பிவிசி பைப் வெந்நீரில் வளையாது. ஹீட் கன் வேண்டும். கல்லூரியில் நாங்களே செய்து பார்த்திருக்கிறோம்.

கைப்பழக்கம் (இரவு 10.05)
வளையும்.

மற்றதற்கு நாளை பதில் எழுதுகிறேன். ஆனால் இதை இப்போதே சொல்லிவிட வேண்டும். வளையும். நீங்கள் பிறப்பதற்கு முன்னாலேயே வளைத்திருக்கிறேன்.

தசைநார் (இரவு 10.20)
பிசியோவாக ஒரு சந்தேகம். ஆக்குபேஷனல் தெரபிஸ்டுக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டு பேரும் கையைத்தானே பிடித்து மடக்குகிறோம்? ஒரே போஸ்டாக ஆக்கிவிட்டால் சண்டை தீர்ந்தது.

நித்யமல்லி (இரவு 10.31)
தசைநார், நீங்கள் ஒவ்வொரு இழையிலும் இதைக் கேட்கிறீர்கள். 2021இல் பார்லிமெண்டில் போட்ட சட்டத்திலேயே இரண்டும் தனித்தனித் தொழில் என்று இருக்கிறது. தேடிப் படித்துக்கொள்ளுங்கள்.

கைப்பழக்கம் (புதன், காலை 5.50)
தங்கச்சி, கோபப்படாமல் படியுங்கள்.

1990களில் நான் தென்மாவட்டத்தில் ஒரு அரசு மருத்துவமனையில் சேர்ந்தபோது எனக்கு அறையே கிடையாது. எலும்பு முறிவு வார்டின் வராந்தாவில் ஒரு மேஜை. வெளியே ‘தொழில் சிகிச்சை’ என்று போர்டு மாட்டினார்கள். அதைப் பார்த்து ஒருவர் தையல் மெஷின் லோனுக்கு மனு கேட்டு வந்தார். ஆக்குபேஷனல் தெரபியைச் சுருக்கி ஓ.டி. என்று சொன்னால் ஆபரேஷன் தியேட்டருக்கு வழி காட்டுவார்கள். மருத்துவமனைக்குள் இருக்கிறவர்களுக்கே நாங்கள் யார் என்று தெரியாது.

அந்தக் காலத்தில் ஒரு பூக்காரம்மா வந்தார். பக்கவாதம், வலது கை. விரல் எல்லாம் உள்ளே மடங்கி, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய்விட்டது. டாக்டர் ‘பயிற்சி கொடுங்கள்’ என்று ஒரே வரி எழுதி அனுப்பினார். அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “தம்பி, பூ கட்ட முடியுமா?” நான் போய் ஒன்றரை அடி பைப் வாங்கினேன். நீளவாக்கில் அறுத்து, வார்டு அம்மா கஞ்சி காய்ச்சும் குண்டானில் வெந்நீர் போட்டு, பைப்பை அதில் முக்கி, துண்டை வைத்துப் பிடித்து விரித்து, அந்த அம்மா கை அளவுக்கு வளைத்தேன். ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்தேன். உள்ளே பழைய கம்பளித் துணி, கட்டுவதற்குப் பள்ளிக்கூடப் பையின் பட்டை. ராத்திரி அதைக் கட்டிக்கொண்டு தூங்க வேண்டும், பகலில் பயிற்சி. முதலில் சணல் கயிற்றில் வாழைநாரை முடிச்சுப் போடச் சொன்னேன். அப்புறம் சாமந்தி. மல்லிகை கடைசியில்தான், காம்பு மெலிசு. நாலு மாதம் ஆயிற்று. ஒரு நாள் ஒரு முழம் மல்லிகை கட்டி எடுத்து வந்து என் மேஜையில் வைத்தார்.

இதைத்தான் திருப்தி என்றேன். நீங்கள் கொக்கி என்கிறீர்கள், ஊஞ்சல் என்கிறீர்கள். நல்லது. ஆனால் பைப் வெந்நீரில் வளையாது என்று சொல்லாதீர்கள். அந்த அம்மா கையே சாட்சி.

யார்க்‌ஷர் மாப்பிள்ளை (காலை 11.15, உங்கள் நேரம்)
வந்துவிட்டது பூக்காரம்மா கதை. சார், இதை 2019இல் ஒரு தடவை, கொரோனா சமயத்தில் ஒரு தடவை எழுதினீர்கள். போன தடவை அரை முழம்தான் கட்டினார்.

இங்கிலாந்தில் லீட்ஸ் பக்கத்தில் அரசு சுகாதார சேவையில்தான் நானும் இருக்கிறேன். பேண்ட் 5 என்ற ஆரம்பச் சம்பளப் படியில் நுழைகிறவருக்கு 2025-26இல் வருஷத்துக்கு 31,049 பவுண்டு. உள்ளாடை மாற்றிவிடுவது முதல் சமையலறையில் டீ போட வைத்துப் பார்ப்பது வரை எல்லாம் என் வேலை என்று எல்லோருக்கும் தெரியும். பதிவு இல்லாமல் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்ற பட்டத்தையே போட முடியாது, சட்டம் அப்படி. ஷீட் இருக்கிறது, அதைச் சுட வைக்கத் தனித் தொட்டியே இருக்கிறது. கஞ்சிக் குண்டான் தேவையில்லை.

நித்யமல்லி சொல்வதுதான் சரி. பைப் வெந்நீரில் வளையாது.

கைப்பழக்கம் (காலை 11.22)
ஓ.டி. என்பதை ‘ஓடி’ என்று படித்துவிட்டு ஓடிப்போனவர் வந்துவிட்டார். மாப்பிள்ளை, மூன்று வருஷத்தில் எத்தனை ஸ்பிளின்ட் செய்தீர்கள்? மனசாட்சியோடு எண்ணைச் சொல்லுங்கள்.

யார்க்‌ஷர் மாப்பிள்ளை (காலை 11.40)
வார்டு வேலையில் ஸ்பிளின்ட் என் பொறுப்பு கிடையாது. பெரியவர்களை வீட்டுக்கு அனுப்ப முடியுமா என்று பார்ப்பது, கமோடு, கட்டில் கைப்பிடி ஆர்டர் போடுவது, குறிப்பு எழுதுவது.

கைப்பழக்கம் (காலை 11.43)
பூஜ்யம் என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். தொட்டி இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, ஷீட் இருக்கிறது, செய்கிற கைக்கு வேலை இல்லை. கமோடு ஆர்டர் போடுவதற்கு 31,049 பவுண்டு. இவர் வந்து பைப் வளையாது என்கிறார்.

யார்க்‌ஷர் மாப்பிள்ளை (காலை 11.51)
கட்டிலில் பிப்ரவரியிலிருந்து கிடந்த ஒரு பாட்டியை அவர் வீட்டு அடுப்படியில் நிற்க வைத்திருக்கிறேன். அதை உங்களிடம் நிரூபிக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. போன வருஷம் நான் எழுதிய பதிவை ‘விளம்பரம்’ என்று புகார் செய்து நீக்க வைத்தது யார் என்பதும் எனக்குத் தெரியும்.

கைப்பழக்கம் (காலை 11.53)
ஏஜென்சி நம்பரோடு போட்டால் அது விளம்பரம்தான்.

அளவுகோல் (மதியம் 1.10)
வணக்கம். நான் ஆராய்ச்சி மாணவன். எல்லோரும் பணித் திருப்தி என்று ஒன்றைப் பேசுகிறீர்கள். ஆனால் ஆளுக்கு ஒரு பொருளில் பேசுகிறீர்கள். 1950களில் ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியலாளரின் குழுவினர் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டி எடுத்தார்கள். அவர்கள் சொன்னது, திருப்திக்கும் அதிருப்திக்கும் காரணங்கள் வேறு வேறு. சம்பளம், மேலதிகாரி, வேலை பார்க்கும் இடம் மோசமாக இருந்தால் அதிருப்தி வரும். அவற்றைச் சரிசெய்தால் அதிருப்தி குறையுமே தவிர திருப்தி வந்துவிடாது. செய்த வேலை பலித்தது, நாலு பேர் அதை மதித்தார்கள் என்பதிலிருந்துதான் திருப்தி வரும். அப்படிப் பார்த்தால் கைப்பழக்கம் ஐயாவும் நித்யமல்லி அக்காவும் சொல்வது இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஒரே ஆளுக்குள்ளேயே இரண்டும் இருக்கலாம். முதலில் ‘திருப்தி’ என்று எதைச் சொல்கிறோம் என்று ஒரு வரையறை வைத்துக்கொண்டால்...

கைப்பழக்கம் (மதியம் 1.14)
தம்பி, ஹெர்ஸ்பெர்க் பைப் வளைத்தாரா?

நித்யமல்லி (மதியம் 2.05)
சாப்பிட இப்போதுதான் உட்கார்ந்தேன், அதனால் சுருக்கமாக.

சார், உங்கள் பூக்காரம்மாவை நான் மறுக்கவில்லை. உங்களுக்கு நிரந்தர வேலை, ஓய்வூதியம். நாலு மாதம் ஒரு அம்மாவோடு உட்கார நேரம் இருந்தது. எனக்கு நாலு மாதம் கழித்து அந்த நாற்காலியில் நான் இருப்பேனா என்பதே தெரியாது. போன வாரம் ஐந்து வயதுப் பையன் ஒருவன் தானாகவே சட்டைப் பொத்தானைப் போட்டான். பெரிய பொத்தான், நானே தைத்துக் கொடுத்த பயிற்சிச் சட்டை. அவன் அம்மா அழுதார். நானும்தான். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டு போனேன். இதைத் திருப்தி இல்லை என்று யார் சொன்னது? ஆனால் இந்தக் கண்ணீரைக் காட்டி என் சம்பளத்தை மறக்கச் சொல்லாதீர்கள். அதைத்தான் நீங்கள் செய்கிறீர்கள், 64 பேர் கை தட்டுகிறார்கள்.

அப்புறம், பைப் வளையாது. உங்கள் குண்டானில் இருந்தது வெந்நீரா, கொதிநீரா? இரண்டும் ஒன்றில்லை. ஸ்பிளின்ட் செய்கிற லோ டெம்பரேச்சர் ஷீட் என்றால் 65, 70 டிகிரியிலேயே துவண்டுவிடும். பிவிசிக்கு 80ஐத் தாண்ட வேண்டும். வார்டு வெந்நீர் அவ்வளவு சூடு இருந்தால் பிரசவ வார்டில் பிள்ளை குளிப்பாட்ட முடியுமா?

கைப்பழக்கம் (மதியம் 2.09)
கஞ்சி காய்ச்சும் குண்டான் என்றேன். கஞ்சி வெதுவெதுப்பில் காயுமா? தென்மாவட்டத்தில் கொதித்தாலும் வெந்நீர்தான்.

தசைநார் (மதியம் 3.30)
நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கினார்கள். வீடு வீடாகப் போகிற குழுவில் பிசியோ இருக்கிறார். 2024இல் அந்தத் திட்டத்துக்கு ஐ.நா. விருதும் வந்தது. நீங்கள் அதில் ஏன் இல்லை? யோசியுங்கள்.

நித்யமல்லி (மதியம் 3.52)
நீங்களே எங்கள் குறையை எடுத்துச் சொன்னதற்கு நன்றி. பக்கவாதம் வந்த பெரியவரை நீங்கள் நடக்க வைத்துவிட்டீர்கள், கும்பிடுகிறேன். அவர் நடந்து எங்கே போவார்? கக்கூஸுக்குப் போனால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழ முடிகிறதா? ஒரு கையால் வேட்டி கட்டிக்கொள்கிறாரா? சோற்றைப் பிசைந்து உருண்டை பிடித்து வாயில் வைக்கிறாரா, அல்லது மருமகள் ஊட்டுகிறாளா? அங்கேதான் எங்கள் வேலை ஆரம்பிக்கிறது. அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை.

தசைநார் (மாலை 4.01)
உருண்டை பிடிப்பதை நாங்களே சொல்லிக் கொடுத்துவிடுவோம், டாக்டருக்கு இது பெரிய விஷயமா?

யார்க்‌ஷர் மாப்பிள்ளை (மாலை 4.04)
யார் டாக்டர்?

தசைநார் (மாலை 4.06)
பிசியோ பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போடலாம், பின்னால் பிசியோதெரபிஸ்ட் என்பதற்கு ‘பி.டி.’ என்று இருந்தால் போதும். 2025 செப்டம்பரில் டில்லியில் போடக்கூடாது என்று கடிதம் விட்டவர்களே மறுநாள் வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். நினைவில்லையா?

கைப்பழக்கம் (மாலை 4.15)
ஒரு நாளில் வந்து ஒரு நாளில் போன கடிதத்தை ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பார் போல. தம்பி, 1950இலேயே பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் ஆக்குபேஷனல் தெரபி பள்ளியைத் தொடங்கிவிட்டார். 1952இல் எங்கள் தொழிலின் உலகக் கூட்டமைப்பு உருவானபோது அதைத் தொடங்கிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. வேலூரில் பால் பிராண்ட் என்ற டாக்டர் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்திய பிறகு, அந்தக் கைக்கு மறுபடியும் வேலை பழக்க வேண்டியிருந்தது. நிமிர்ந்த விரல் தானாக உளி பிடிக்காது. எங்கள் தொழிலின் பரம்பரை அது. எங்களுக்கு முன்னொட்டு தேவைப்படவில்லை.

தசைநார் (மாலை 4.20)
பரம்பரை எல்லாம் சரி. பைப்?

கைப்பழக்கம் (மாலை 4.21)
வளையும்.

ஷூ லேஸ் (மாலை 6.45)
நான் தெரபிஸ்ட் இல்லை, ஒரு அப்பா. இங்கே எழுதலாமா தெரியவில்லை. என் மகனுக்கு ஆட்டிசம், ஏழு வயது. அரசு மையத்துக்குத்தான் கூட்டிப் போகிறோம், காசு வாங்குவதில்லை. மூன்று வருஷத்தில் நாலு ஓ.டி. மேடம் மாறிவிட்டார்கள். ஒவ்வொரு புது முகத்துக்கும் அவன் பழக ஒரு மாதம், இரண்டு மாதம் ஆகும். அதுவரை வாசலிலேயே படுத்து உருளுவான். மூன்றாவதாக வந்த மேடம் அவனுக்கு ஷூ லேஸ் கட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். முதல் முடிச்சு வரை வந்துவிட்டான். அந்த மேடத்துக்கு துபாயில் வேலை கிடைத்துப் போய்விட்டார். இப்போதும் முதல் முடிச்சோடு நிறுத்திவிட்டுக் கதவைப் பார்க்கிறான். அவர்களைக் குறை சொல்லவில்லை. எனக்கு பைப் விஷயம் தெரியாது.

நித்யமல்லி (மாலை 6.58)
அண்ணா, இதற்குத்தான் நான் இழையே ஆரம்பித்தேன். கைப்பழக்கம் சார் இதைப் படிக்க வேண்டும். ஆள் தங்காததற்குக் காரணம் மனசு இல்லாதது அல்ல.

கைப்பழக்கம் (இரவு 7.03)
படித்தேன். அண்ணன் சொன்னதும் என் கட்சிதான். முதல் முடிச்சோடு விட்டுவிட்டு துபாய் போனது யார்? நானா? முப்பது வருஷம் ஒரே வராந்தாவில் இருந்தவன் நான்.

நித்யமல்லி (இரவு 7.06)
உங்களை அந்த வராந்தாவில் வைத்திருந்தது பைப் இல்லை சார், நிரந்தர ஆர்டர். அந்த மேடத்துக்கும் அதைக் கொடுத்துப் பார்த்திருக்கலாம்.

யார்க்‌ஷர் மாப்பிள்ளை (இரவு 7.15)
வெளிநாடு போனவர்களை எல்லாம் துரோகி ஆக்குவதுதான் இந்தக் குழுவின் ஒரே தெரபி. அந்த மேடத்துக்கு என் வாழ்த்துகள். மறுபடியும் சொல்கிறேன், வளையாது.

அளவுகோல் (இரவு 7.40)
நான் சொல்ல வந்ததை முடிக்கவில்லை. ஷூ லேஸ் ஐயா சொன்னது ஆள் நிலைக்காத பிரச்சினை. திருப்தி இருந்தும் விலகுகிறவர்கள் இருக்கிறார்கள், திருப்தி இல்லாமலே ஓய்வூதியத்துக்காகத் தங்குகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் கலக்கக்கூடாது. ஒரு சின்ன கேள்வித்தாள் தயாரித்திருக்கிறேன், அரசுப் பணியில் இருப்பவர்கள் யாராவது நிரப்பித் தந்தால்...

கைப்பழக்கம் (இரவு 7.42)
‘ஓய்வூதியத்துக்காகத் தங்குகிறவர்’ என்று யாரைச் சொன்னீர்கள்?

அளவுகோல் (இரவு 7.43)
பொதுவாகச் சொன்னேன் ஐயா.

கைப்பழக்கம் (இரவு 7.44)
பொதுவாகவா! சரி. பைப் வளையுமா, வளையாதா என்று உங்கள் கேள்வித்தாளில் ஒரு கேள்வி சேருங்கள், நிரப்பித் தருகிறேன்.

குழாயடி (இரவு 9.10)
நான் பிளம்பர். என் தங்கச்சி ஓ.டி. படிக்கிறாள், அவள் இந்த லிங்கை அனுப்பினாள். பைப் என்றால் எந்த பைப்? க்ரீம் கலரில் இருப்பது சிபிவிசி, அது வெந்நீர் லைனுக்கே போடுவது, குண்டானில் போட்டால் ஒன்றும் ஆகாது. வெள்ளை, சாம்பல் நிறத்தில் வருவது சாதா பிவிசி. கனம் கம்மியான பைப் என்றால் கொதிக்கிற தண்ணீரில் இளகும். கனமான பைப் முரண்டு பிடிக்கும், அதற்கு ஹீட் கன்தான். அடுப்பில் மட்டும் நேராகக் காட்டாதீர்கள், புகை கண்ணை எரிக்கும், உடம்புக்கும் கெடுதல். வளைக்கிறபோது நசுங்காமல் இருக்க நாங்கள் உள்ளே மணல் போடுவோம்.

கைப்பழக்கம் (இரவு 9.13)
கேட்டீர்களா? ‘கொதிக்கிற தண்ணீரில் இளகும்.’ தொழில்காரர் சொல்லிவிட்டார். இழையை மூடலாம்.

நித்யமல்லி (இரவு 9.20)
‘அதற்கு ஹீட் கன்தான்.’ அதையும் அவரேதான் சொன்னார். நானும் முதல் பதிவிலேயே அதைத்தான் சொன்னேன்.

யார்க்‌ஷர் மாப்பிள்ளை (இரவு 9.24)
அறுத்த பைப்பில் மணல் எப்படி நிற்கும்? இவர் பிளம்பர்தானா?

குழாயடி (இரவு 9.26)
அறுத்தது என்று எனக்கு யார் சொன்னது? 31,049 பவுண்டு வாங்குகிறவருக்குக் கொஞ்சம் மரியாதையாகப் பேசத் தெரியாதா?

தசைநார் (இரவு 9.30)
குழாயடிச் சண்டை என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இன்றைக்குத்தான் நேரில் பார்க்கிறேன்.

நித்யமல்லி (இரவு 10.12)
நான் கேட்டது ஒன்று, நடப்பது ஒன்று. நாளை காலை எட்டு மணிக்கு பஸ். பதிமூன்று பிள்ளைகள் பெயர் எழுதியிருக்கிறார்கள். கைப்பழக்கம் சார், கடைசியாக ஒன்று கேட்கிறேன். அந்த ஒன்றரை அடி பைப்புக்கான காசை உங்களுக்கு யாராவது திருப்பிக் கொடுத்தார்களா?

கைப்பழக்கம் (இரவு 10.30)
காசு என்ன காசு. ஞாயிற்றுக்கிழமை நானே பைப் வாங்கி, குண்டானோடு வீடியோ எடுத்துப் போடுகிறேன். எல்லோரும் பாருங்கள். என் மனைவி கஞ்சிக் குண்டானைத் தர மாட்டேன் என்கிறாள், வேறு பாத்திரம் பார்க்க வேண்டும்.

யார்க்‌ஷர் மாப்பிள்ளை (இரவு 10.34)
தெர்மாமீட்டரும் வீடியோவில் தெரிய வேண்டும்.

கைப்பழக்கம் (இரவு 10.35)
தெரியும்.

குழாயடி (இரவு 10.41)
எத்தனை இஞ்ச் பைப் சார்?